எலுமிச்சைப் பலகைப் பெட்டி

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன் நான். தென்காசியில் ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிப்பது வேலை. நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் இப்படி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் ஊர் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தேன். கொழும்பிலிருந்து திரும்பியவர் ஒருவரிடம் வாங்கிய எலக்ட்ரிக் கிடார். இரவுகளில் ரேடியோவின் சிற்றலையைத் திருகித் திருகி, ஜாஸ் என்று அதில் சொல்லும் சங்கீதத்தைக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். குழுவில் அதற்கு வேலை இல்லை. தபேலாவுக்கும் அக்கார்டியனுக்கும் பின்னால் நான் வாசித்தது எனக்கே கேட்காது.

அந்தச் சமயத்தில்தான் தேயிலைத் தோட்டத்து முதலாளி ஒருவர் ஆள் அனுப்பினார். குற்றாலத்தில் அவருக்கு ஒரு பங்களா. சாரல் காலத்தில் விருந்தாளிகள் சாப்பிடும்போது பக்கத்தில் மெதுவாகக் கிடார் வாசிக்க வேண்டும். கொழும்பு ஓட்டல் ஒன்றில் அப்படிக் கேட்டிருக்கிறாராம். முதல் சனிக்கிழமை பிடித்துப்போனால் சீசன் முழுக்க எல்லாச் சனிக்கிழமையும் நான்தான். என் வாசிப்பைத் தனியாகக் கேட்க ஆள் இருப்பது அதுவே முதல் தடவை. அதை விட்டுவிட மனமில்லை.

ஆனால் எனக்கென்று ஆம்பிளிஃபயர் ஏது? எங்கள் ஊர் மைக் செட் அண்ணாச்சியிடம் போனேன். அவர் கணக்கில் நல்ல செட் என்றால் தென்காசியில் போட்டால் அடுத்த ஊர் மேலகரத்தில் தூங்குகிறவன் எழ வேண்டும். வேப்பமரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் கிடாரைச் சொருகிப் பார்த்தோம். சளி பிடித்தவன் மூக்கால் பாடுவது போலிருந்தது. ஆம்பிளிஃபயரோ இரும்புச் சட்டம், இரும்பு டிரான்ஸ்பார்மர். தூக்க இரண்டு ஆள், ஏற்ற ஒரு வண்டி. வண்டியில் போனால் தெருவே நின்று “எங்க கச்சேரி?” என்று கேட்கும். எனக்குச் சுமையைவிட அந்தக் கேள்வியில்தான் பயம்.

கடைசியில் நானே ஒன்று செய்தேன். செத்துப்போன ரேடியோ ஒன்றின் வால்வுகளும் ஸ்பீக்கரும் அண்ணாச்சி கடையில் கிடைத்தன. தேக்கில் பெட்டி அடித்தால் கனம். புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழம் வருகிற பெட்டியின் மெல்லிய பலகைகளை அறுத்து, முதுகுப்பக்கம் திறப்பாக விட்டு ஒரு பெட்டி அடித்தேன். தடித்த கம்பியை மீட்டினால் பலகை அதிரும். மூலைகளில் எங்கள் ஜவுளிக்கடையின் வெட்டுத்துணியை அடைத்ததும் அடங்கியது. சத்தம் மெத்தென்று, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வந்தது. ஒரு கையில் பெட்டி, மறு கையில் கிடார், பஸ்ஸில் ஏறிவிடலாம்.

“என்னவே, எலுமிச்சம்பழம் விக்கப் போறீரா?” என்றார் அண்ணாச்சி.

சனிக்கிழமை மாலை பஸ்ஸில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷம் பங்களா வாசல் வரைக்கும் இருந்தது.

“ஆம்பிளிஃபயர் எங்கவே?” என்றார் மேனேஜர்.

“இதுதாங்க.”

“இதா? சோத்துப் பெட்டின்னுல்லா நெனச்சேன்! மொதலாளியோட சம்பந்தி வீட்டாளுக மெட்ராஸ்ல இருந்து வந்திருக்காவ. இதப் பாத்தா நம்மள என்னன்னு நெனப்பாவ?”

“சத்தம் நல்லா வரும்ங்க. வாசிச்சுக் காட்டுதேன்.”

“சத்தத்த யாருவே கேட்டா?”

பெரிய செட் கொண்டுவரத் தோட்டத்து ஜீப் தென்காசிக்குப் பறந்தது. இருட்டுவதற்குள் அண்ணாச்சி ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். டூரிங் டாக்கீஸில் திரைக்குப் பின்னால் நின்ற பெட்டி, பீரோ உயரம். ஸ்பீக்கர் கிழிந்து கழற்றியாகிவிட்டது. கடையில் அந்தக் காலிப் பெட்டிக்குள் அவர் கயிறுகளைப் போட்டு வைத்திருந்தார். நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வைத்தார்கள். மேனேஜர் முகம் மலர்ந்தது.

“இது ஊமைல்லா அண்ணாச்சி?” என்றேன் மெதுவாக.

“உம்ம எலுமிச்சம்பழப் பெட்டிய உள்ள வையும்வே. அது பேசட்டும்.”

மேனேஜர் அந்தப் பக்கம் போனதும் பின்பக்கப் பலகையைக் கழற்றிச் சின்னதை உள்ளே வைத்தோம். முன்பக்கத் துணி மறைத்துக்கொண்டது. சத்தம் கொஞ்சம் மங்கியது. ஆனால் நான் வாசித்ததெல்லாம் எனக்குக் கேட்டது. முன்னால் இருந்த மேஜையில் பேச்சு நின்று, இரண்டு பேர் கண்ணை மூடியிருந்தார்கள்.

சம்பந்தி எழுந்து வந்து பெட்டியைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “இவ்ளோ பெரிய பெட்டி, எவ்ளோ மெதுவாப் பாடுது! வெளிநாட்டுச் சரக்கா?”

“புளியங்குடிங்கய்யா” என்றார் அண்ணாச்சி. நல்ல வேடிக்கை என்று எல்லோரும் சிரித்தார்கள்.

முதலாளிக்கும் பிடித்துவிட்டது. “சீசன் முடியுத வரைக்கும் சனிக்கிழமதோறும் வந்திரும்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, பெட்டியைக் காட்டி, “இது இல்லாம வராதேயும்” என்றார்.

மறுநாள் ஜீப் கிடைக்கவில்லை. பெரிய பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றி, சின்னதை அதற்குள் வைத்து, அண்ணாச்சியும் நானும் தென்காசிக்கு வந்தோம். வழியெல்லாம் “எங்க கச்சேரி?” என்று கேட்டார்கள்.