லொரெட்டா விற்க மறுத்த துப்பாக்கி

எங்கள் ஊரில் ஒரு ஓட்டைத் துப்பாக்கியை யார் தலையிலாவது கட்ட வேண்டுமென்றால் என்னைத்தான் தேடுவார்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்படும் கட்டத்தையெல்லாம் தாண்டி வெகுகாலமாகிவிட்டது. என் பெயர் வெர்லின் டாக்கெட். அமெரிக்காவின் ஓசார்க் மலையில் தள்ளித்தள்ளி இருக்கும் வீடுகளுக்கு, குளிர்காலத்தில் கணப்பு எரியக் கேஸ் நிரப்பும் லாரி ஓட்டுகிறேன். சம்பளம் கைக்கு வந்ததும் மற்றவர்கள் பீர் வாங்கப் போவார்கள். நான் அடகுக் கடைக்குப் போவேன். பழைய துப்பாக்கி வாங்குவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது என் கட்சி. என் மனைவி ரோண்டா அந்தக் கட்சியில் இல்லை.

அவளிடம் ஆதாரம் இருக்கிறது. என் அலமாரியில் உள்ள ஒன்று, சுட்டால் தோட்டாவின் கூட்டைத் துப்பாமல் உள்ளேயே வைத்துக்கொள்ளும். ஸ்குரூ டிரைவரால் நோண்டித்தான் எடுக்க வேண்டும். இன்னொன்றை வைத்து மானைக் குறி பார்த்தால் பக்கத்துப் பண்ணை மாடுகள் கவலைப்பட வேண்டும். இன்னொன்றை ‘பெரிய போருக்குப் போய் வந்தது’ என்று எவனோ சொன்னதை நம்பி வாங்கி வந்து, முன்னறையில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். தூசி தட்டும்போது ரோண்டா அதன் அடியில் ஒரு முத்திரையைக் கண்டுபிடித்தாள். பள்ளிக்கூட நாடகக் குழுவுக்குச் சொந்தமானதாம். அது சுடாது, சுடுவதற்காகச் செய்யப்பட்டதே இல்லை.

“நீ துப்பாக்கி வாங்கல வெர்லின். சீக்கு புடிச்சதுங்களத் தத்தெடுத்துட்டு வர்ற” என்பாள் ரோண்டா.

ஆனாலும் கடையில் பேரம் பேசுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது, அதில் நான் மன்னன். பிடித்த துப்பாக்கியை முதலில் ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. ரம்பம், மீன்தூண்டில் என்று எதையெதையோ எடுத்துப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்க வேண்டும். கைக்கு வந்ததும் திட்ட ஆரம்பிக்க வேண்டும். குழலில் துரு, விசை இறுக்கம், கட்டையில் கீறல். கடைக்காரர் அதே துப்பாக்கியைத் தாலாட்டாத குறையாகப் புகழ வேண்டும். கடைசியில் இருவரும் ஏமாந்ததாக முகத்தை வைத்துக்கொண்டு பிரிய வேண்டும். எங்கள் ஊர் அடகுக் கடைக்காரி லொரெட்டா இதில் என் குரு, எதிரி, எல்லாம். எழுபது தாண்டியும் உதட்டுச்சாயம் இல்லாமல் கடை திறக்க மாட்டாள். பின்னல் ஊசியைக் கீழே வைக்காமலே என்னைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிடுவாள்.

இன்னொரு முறையும் எங்கள் ஊரில் உண்டு, அதை மீறினால் மன்னிப்பே கிடையாது. மான் வேட்டை சீசன் முடிந்து கை காய்ந்துபோனவர்கள் துப்பாக்கியை அடகு வைப்பார்கள். அடுத்த சீசன் தொடங்குவதற்குள் மீட்டுவிடுவார்கள். தெரிந்தவனுடைய துப்பாக்கி கடையில் தொங்கினால் பார்க்காதவன்போல் நகர்ந்துவிட வேண்டும். கெடு முடிந்து மூழ்கிப் போயிருந்தாலும் சீசன் தொடங்கும்வரை அதை வாங்கக் கூடாது. வாங்கியவனோடு யாரும் ஒரே மேஜையில் உட்கார மாட்டார்கள்.

அக்டோபரில் ஒருநாள் லொரெட்டாவின் கடையில், பழைய கிதார்களுக்குப் பின்னால், கெடு முடிந்த சீட்டோடு, டெல்மருடைய துப்பாக்கியைப் பார்த்தேன்.

டெல்மர் பிளெட்சோ பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறவன். சிறு வயதிலிருந்தே என் சிநேகிதன். அந்தத் துப்பாக்கியின் கட்டையில் அவன் மனைவி நாடீன் சூட்டுக்கோலால் ஒரு காட்டுப்பூ வரைந்திருப்பாள். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். நாடீன் வசந்த காலத்தில் புற்றுநோயில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு டெல்மர் வேலைக்குப் போவான், வீட்டுக்கு வருவான், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஊரே கூடிச் சாப்பிடும் மீன் வறுவலுக்கு வருவதில்லை. போனை எடுப்பதில்லை. கேஸ் நிரப்ப நான் போனால் ஜன்னல் திரை அசையும், கதவு திறக்காது. அவன் எங்களைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறான் என்று எனக்குப் பயமாக இருந்தது. இந்த வருஷம் நாங்கள் கூடும் மான் வேட்டை முகாமுக்கு எப்படியாவது அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டால் பிழைத்துக்கொள்வான் என்று நம்பினேன். துப்பாக்கியே இல்லாதவன் எப்படி வருவான்?

மாதச் சம்பளம் வாங்குகிறவன் ஏன் அடகு வைக்கிறான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. எங்கள் ஊரில் துப்பாக்கி அடகுக்குப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான், கையில் காசில்லை. ஆஸ்பத்திரிச் செலவு அவனைத் தின்றுவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். ஊர் முறையை மீறி நானே வாங்கி அவனிடமே கொடுத்துவிடுவது என்றும் முடிவு கட்டினேன். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

“லொரெட்டாம்மா, அந்தக் கிதாருக்குப் பின்னாடி இருக்கறதக் கொஞ்சம் எடுங்க.”

பின்னல் ஊசி கீழே போனது. அதை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

“அது ஒனக்கு வேணாம் கண்ணு. விசை இறுகிக் கெடக்கு. குழலெல்லாம் துரு. கட்டையில விரிசல் வேற.”

“எங்க விரிசல்? கண்ணாடியாட்டம் இருக்கு!”

“உள்ளாற இருக்கு.”

“உள்ளாற இருக்கறது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியும்” என்றவள், ஒரு விலை சொன்னாள். அந்த விலைக்கு ஓடுகிற கார் ஒன்றும் அதற்கு டயரும் வாங்கலாம். “டெல்மரப் போய்ப் பாத்தியா நீ?”

“போன எடுக்க மாட்டேங்கறான்.”

“எடுக்கலைன்னா கதவத் தட்டு. தெறக்கலைன்னா ஒடை. துப்பாக்கிய விட்டுத் தொலைச்சுட்டு ஆளப் போய்ப் பாரு.”

கடைக்காரி திட்டுகிறாள், வாங்குகிறவன் புகழ்கிறான். உலகமே தலைகீழாக நடக்கிறது, எனக்கு எதுவும் உறைக்கவில்லை. கிழவி பேச்சை மாற்றுகிறாள், எவனோ பட்டணத்துப் பணக்காரனுக்காக இதைப் பதுக்கி வைத்திருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டேன். வண்டியில் உட்கார்ந்து என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

புதன்கிழமைதோறும் லொரெட்டா முடி அலங்காரத்துக்குப் போவாள். அப்போது அவள் மருமகன் கடையைப் பார்த்துக்கொள்வான். அவனுக்குக் கால்பந்தைத் தவிர எதிலும் அக்கறை இல்லை. அந்த நேரமாகப் போனேன். வழக்கப்படி துப்பாக்கியைத் திட்டினேன், அவன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் விலையைக் குறைத்தான். அரசாங்கப் படிவத்தை நிரப்பினேன். என்மேல் வழக்கு ஏதும் இல்லை என்று போனில் கேட்டுக்கொண்டு கொடுத்துவிட்டான். வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தேன். லொரெட்டாவை வென்றுவிட்டேன்!

வீட்டிலிருந்து ரோண்டாவின் கிறிஸ்துமஸ் மேஜைவிரிப்பை எடுத்து அதில் துப்பாக்கியைச் சுற்றினேன். நேராக டெல்மர் வீட்டுக்குப் போய், திறக்கும்வரை கதவைத் தட்டினேன். நாடீனின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். ஆள் பாதியாகியிருந்தான்.

“சீசன் வருதுடா! முகாம்ல ஹார்லன்லேருந்து எல்லாரும் ஒன்னத்தான் கேக்கறாங்க. கெளம்பு!” என்று சொல்லிக்கொண்டே சமையலறைவரை போய், மந்திரவாதிபோல் விரிப்பை உருவினேன்.

டெல்மர் கையை நீட்டவில்லை. பிரிட்ஜில் முதுகு இடிக்கும்வரை பின்னாலேயே போனான்.

“அது எப்படி ஒங்கிட்ட வந்துச்சு?”

“கெழவி தர மாட்டேன்னா. நான் விடுவனா? அவ இல்லாத நேரமாப் பாத்து...”

“வெர்லின். அத வெளிய கொண்டு போ.”

“காசெல்லாம் வேணாம்டா, நீ எப்ப வேணா...”

“காசுக்காக வெக்கலடா!” என்றான். “அது வீட்டுல இருந்தா நான் இருக்க மாட்டேன்னு பயந்து போயி வெச்சேன். லொரெட்டாகிட்டச் சொல்லித்தான் வெச்சேன். நானே வந்து கெஞ்சினாலும் குடுக்காதன்னு சொல்லித்தான் வெச்சேன்.”

இப்படி ஒரு நேரத்தில் மனிதர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதைச் சொல்கிறேன். “மேஜைவிரிப்பு ரோண்டாவோடது” என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை புரியவில்லை. துப்பாக்கியைத் திரும்பச் சுற்றி, வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

“எங்க வீட்டு அலமாரியில வெச்சுக்கறேன்டா” என்றேன்.

“அலமாரிச் சாவிய நீ எங்க வெப்பேன்னு ஊருக்கே தெரியும். காப்பி டப்பாவுல.”

அது உண்மைதான். ரோண்டாவைக் கூப்பிட்டேன். வீட்டுச் செருப்போடு தன் காரில் வந்தாள். வாசலில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரு துப்பாக்கியைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு லொரெட்டா கடைக்கு ஓட்டிப் போனாள். நான் டெல்மரோடு தங்கிவிட்டேன். டப்பா சூப்பைச் சுடவைத்துக் கொடுத்தான். நாடீனைப் பற்றி அவன் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்தேன். குறுக்கே பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு சிரமம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். காலையில் அவனோடு டாக்டரிடம் போனேன். அதற்கு அடுத்த வாரமும் போனேன்.

லொரெட்டாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது என்னை நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். “இத்தன வருஷமா என் கடையில இருக்கற குப்பையெல்லாம் ஒனக்கு வித்திருக்கேன். ஒண்ணே ஒண்ண விக்காம இருக்கப் பாத்தேன், அத எடுத்துட்டுப் போயிட்டியே, பாவி!”

சீசனுக்கு முந்தின நாள் டெல்மர் முகாமுக்கு வந்தான். சமைக்கிறேன், துப்பாக்கி பக்கம் வர மாட்டேன் என்பதுதான் பேச்சு. தோள்வலி என்று மற்றவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். இதற்குள் நான் செய்த காரியத்தை லொரெட்டாவின் மருமகன் ஊர் பூராவும் பரப்பியிருந்தான், அவனுக்குத் தெரிந்த அளவுக்கு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் உட்கார்ந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். “பொணந்தின்னிக் கழுகு எறங்கிருச்சு, தட்டப் பாத்துக்கங்கடா” என்றான் ஹார்லன். மரம் அறுக்கும் ஆலைக்காரன், முகாமிலேயே பெரிய வாய் அவனுக்குத்தான். யாரோ என் தட்டில் ஒரு எலும்பை வைத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் பதில் இருந்தது, நல்ல பதில், ஆனால் அது டெல்மருடையது. வாயைச் சோளரொட்டியால் அடைத்துக்கொண்டேன். அவமானமாகத்தான் இருந்தது.

ஹார்லன் விடவில்லை. “பொண்டாட்டி செத்து வருஷம் திரும்பல. அவ வரைஞ்ச பூவோட தூக்கிட்டுப் போயிருக்கியே. நீயெல்லாம் ஒரு மனுசனாடா?”

அடுப்படியில் டெல்மர் கரண்டியைக் கீழே வைத்தான்.

“அவன விடு, ஹார்லன். அத நான் காசுக்கு வெக்கல. என்கிட்டேருந்து என்னக் காப்பாத்திக்க வெச்சேன். இவன் தெரியாம எடுத்துட்டு வந்துட்டான். தெரிஞ்சதுலேருந்து என் வீட்டுத் தரையில படுத்துக் கெடக்கான். குறட்டை தாங்க முடியல.”

ஹார்லன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் கொண்டாந்திருக்கறது என் மச்சானோடது” என்றான் மெதுவாக. “என்னோடது என் தங்கச்சி வீட்டுல பூட்டிக் கெடக்கு. போன சீசனுக்கும் முன்னாடியிருந்து. நான்தான் குடுத்து வெச்சேன், டெல்மராட்டம்.”

டெல்மர் வந்து ஒரு கரண்டி பீன்ஸை அவன் தட்டில் போட்டான். பிறகு எனக்கும் போட்டான். எலும்பு வைத்தவன் அதை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

சாப்பிட்டதும் சுவரில் சாய்த்திருந்த துப்பாக்கிகளை எடுத்துப்போய் என் வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். யாரும் சொல்லவில்லை, யாரும் ஏனென்று கேட்கவும் இல்லை. சாவியை ஹார்லனிடம் நீட்டினேன். முகாமில் எல்லாப் பொறுப்பும் அவனுடையதுதான். அவன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

“என்கிட்ட வேணாம். நீ வெச்சுக்க வெர்லின்” என்றான்.

துப்பாக்கி விஷயத்தில் இந்த ஊரில் எவனும் என்னை அதுவரை நம்பியதில்லை. சாவியை உள்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டேன்.