முன்வரிசைக்காரருக்காக ஒரு மன்றாட்டு

மட்டக்குளியில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பகல் சாப்பாடு நின்றுபோனது. சமைத்துக் கொடுத்தவர் விலகிவிட்டார். வேறொருவரை வைக்கக் கல்வி அதிகாரி கையெழுத்துப் போடவில்லை. நான் இடியப்பம் அவித்து விற்கிறவள். காலையில் வெள்ளை யூனிஃபோமோடு வந்து, வாங்காமல், ஆவியையே பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள்.

எங்கள் மாதா கோயில் பெண்கள் சேர்ந்து அந்த அதிகாரியிடம் போனோம். அவரும் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்தான். நான் எல்லோருக்கும் பின்னால் நின்றேன். இருந்தும் அவர் கண் என்னில் விழுந்தது.

"வீட்டில சமைக்க அலுப்புப் பஞ்சிப்பட்டு இஞ்ச வந்து நிக்கிறீங்க. அம்மா, நீங்க எதுவரைக்கும் படிச்சனீங்க?"

"அஞ்சாம் வகுப்பு, ஐயா."

"அஞ்சாம் வகுப்பு எனக்குச் சட்டம் படிப்பிக்க வந்திருக்கு!" கிளார்க்கைப் பார்த்துச் சிரித்தார். அவனும் சிரித்தான்.

அதற்குப் பிறகு செபமாலை உருட்டும்போதெல்லாம் அந்தச் சிரிப்புத்தான் கேட்டது. வாய் மாதாவைக் கூப்பிடும், மனம் அவரைத் திட்டும்.

கோயில் திருநாள் பூசையில் மன்றாட்டு வாசிக்கிற முறை எங்களுக்கு வந்தது. நான் வாசிக்கிறேன் என்றேன்.

"அக்கா, நீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "பஸ்ஸில இறக்கம் எண்டு சொல்ல வெக்கப்பட்டு அடுத்த ஹோல்ட்டில இறங்குற ஆள்!"

"இதைச் சொல்லுவன், பாரு."

திருநாளன்று அந்த அதிகாரி மனைவியோடு முன்வரிசையில் இருந்தார். வாசிக்கச் சொல்லித் தாளில் எழுதித் தந்ததை விட்டுவிட்டேன்.

"எங்கள் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் கையெழுத்துப் போடாமல், இந்த முன்வரிசையில் இருக்கிற அதிகாரிக்காக. அந்தப் பசி அவருடைய வயிற்றிலும் எரிய வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

மன்றாட்டு முடிந்தால் சனம் யோசிப்பதில்லை. கோயில் முழுக்க ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. பழக்கத்தில் அவரும் சொன்னார். பாதியில்தான் விளங்கியிருக்க வேண்டும், வாய் திறந்தபடியே நின்றது. முகம் கறுத்துப்போனது. பிறகுதான் வாங்குகளில் இருந்தவர்களுக்குள் குசுகுசுப்புத் தொடங்கியது.

பூசை முடிந்து வாசலில் என்னை மறித்தார்.

"சனத்துக்கு முன்னால என்ர மானத்த வாங்கிட்டீங்களே, அம்மா!"

"சாப்பாடு வரும்வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் மன்றாடுவம், ஐயா." குரல் கீச்சென்றுதான் வந்தது.

அடுத்த ஞாயிறுக்கு முன்பே கையெழுத்து விழுந்தது. சோறும் பருப்பும் வந்தன. ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, "அவர மன்னிச்சிட்டீங்களா, அம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், அது போதும். அவரை மன்னிக்கச் சொல்லி என்னைக் கேட்க வேண்டாம்.