மேம்சாப்பின் கல்யாண நடை

பேரனின் பிறந்தநாள் கேக்கில் அணைந்த மெழுகுவத்தியின் வாசனை என்னை லாலாகுடா ரயில்வே காலனியின் நடன மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டது. என் சின்ன வயதில் அங்கே அம்மா பெருக்குவாள். ஆடுகிறவர்களின் கால் நன்றாக வழுக்க வேண்டும் என்று நான் மெழுகைச் சுரண்டிப் பலகைத் தரையில் தேய்ப்பேன். யுத்த காலத்தில் வந்து ஓர் எஞ்சின் டிரைவரைக் கட்டிக்கொண்ட போலந்துக்கார மேம்சாப், அவர் இறந்தபிறகும் சனிக்கிழமைதோறும் அங்கே வந்து, தன் ஊர்க் கல்யாணங்களில் ஜோடி ஜோடியாக நடக்கும் நடனத்தைச் சொல்லித்தரக் காத்திருப்பாள். குடியானவர்கள் நடந்ததைப் பார்த்துத்தான் பிரபுக்களும் நடந்தார்களாம். மூன்று எட்டுக்கு ஒருமுறை முழங்கால் லேசாக மடியும், குதிப்பெல்லாம் கிடையாது.

காலனிப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. ஒருநாள் மேம்சாப் என்னிடம் கை நீட்டினாள்.

"ஆவ் பேட்டி" என்று மகளைப்போல் என்னை அழைத்தாள்.

"நடக்கத்தாண்டி கூப்பிடறாங்க, புலியவா பிடிக்கச் சொல்றாங்க?" என்று அம்மா சிரித்தாள்.

"நக்கோ மேம்சாப்", வேண்டாம் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நீட்டிய கையை மடக்காமலே அவள் மண்டபத்தைத் தனியாக ஒரு சுற்று நடந்தாள். பிறகு வரவேயில்லை.

மண்டபம் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. இந்த ஊரில் அந்த நடனத்தை அறிந்தவள் நான் ஒருத்திதான். நானும் ஒருநாள்கூட ஆடியதில்லை.