பக்கத்துத் தெருவில் வண்டியை நிறுத்திய ஜெயந்தி மிஸ்

ஜெயந்தி மிஸ் இறந்துவிட்டார். காய்ச்சல் என்று படுத்தவர், ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. என்னைவிட வயதில் சின்னவர்...

காலையிலிருந்து பள்ளிக்கூடத்து ஆட்கள் மாற்றி மாற்றி அவர் போட்டோவைப் போடுகிறார்கள். உயிரோடு இருந்தபோது இவர்கள் யாரும் அவரைப் பற்றி ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன். இனிமேல் அவரை யாரும் வேலையை விட்டுத் தூக்க முடியாது, அந்தத் தைரியத்தில்.

என் மகள் நஸ்ரினை உங்களில் பலருக்குத் தெரியும். ஆட்டிசம். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் வாயைத் திறக்க மாட்டாள், பெல் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். மூன்றாம் வகுப்பு பாதியில் பள்ளியை விட்டு நிறுத்தினேன்.

காரணம் அவள் வகுப்பு டீச்சரான ஜெயந்தி மிஸ்தான்.

டிபன் பாக்ஸ் கொடுக்கப் போன இடத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் போர்டைப் பார்த்து உட்கார்ந்திருக்க, என் பிள்ளை மட்டும் கடைசியில் சுவரைப் பார்த்து... அப்படியே கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டேன். ஹெச்.எம் அறையில் நான் போட்ட சத்தத்துக்கு, இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்றார்கள்.

அதற்குப் பிறகு வீட்டிலேயே பாடம். அவ அத்தா, என் வீட்டுக்காரர், தோல் மண்டிக்கு வேலைக்குக் கிளம்பியதும் ஹாலில் பாய் விரித்து உட்காருவோம். பஸ் போர்டு என்றால் அவளுக்கு உயிர். தாடிக்கொம்பு, வேடசந்தூர், பழனி என்று அட்டையில் எழுதி அதையே பாடமாக்கினேன். அழகாக அடுக்குவாள், ஆனால் வாசிக்க மாட்டாள். இவளுக்கு நிஜமாகவே படிக்கத் தெரிகிறதா, படம் மாதிரி பார்க்கிறாளா என்று தெரியாமல் தவித்தேன்.

உதவி என்று வந்தவர்களையெல்லாம் பார்த்தாயிற்று. மூலிகை எண்ணெய் விற்பவர், ஆன்லைன் கோர்ஸ் விற்பவர், "ஓதிப் பாத்தியா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டு எங்கள் கதையை நாலு தெருவுக்குச் சொன்ன சொந்தக்காரி. யாரையும் நம்புவதில்லை என்றிருந்தேன்.

அப்போதுதான் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஜெயந்தி மிஸ் வாசலில் வந்து நின்றார். அதே பள்ளியில்தான் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, செத்த நேரம் நஸ்ரின் கூட இருந்துட்டுப் போறேன்."

ஸ்கூலில் "நஸ்ரின் அம்மா", வீட்டில் மட்டும் அக்காவா? போதாததற்கு ஸ்கூட்டியைப் பக்கத்துத் தெருவில் விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார். நல்லதுக்கு வருகிறவர் வண்டியை எதற்கு மறைக்க வேண்டும்? நான் எங்காவது புகார் கொடுக்கிறேனா என்று வேவு பார்க்க ஸ்கூல்தான் அனுப்பியிருக்கிறது, சந்தேகமே இல்லை என்று நினைத்தேன்.

ஆனாலும் உள்ளே விட்டேன். கூடவே உட்கார்ந்து கவனிக்கலாம் என்றுதான். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க அடுப்படியில இருங்கக்கா. பாத்துக்கிட்டே இருந்தா ஆகாது."

எட்டிப் பார்த்தால், பிள்ளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்! இதென்ன பாடம்...

வாராவாரம் இதே கதை. ஒருநாள் பொறுக்க முடியாமல் போனில் ரெக்கார்டிங் போட்டு, மடித்து வைத்த துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று.

அவர் போனதும் போட்டுக் கேட்டேன்.

"பழனி வண்டி போயிருச்சா?"

"போயிருச்சு. அடுத்து வேடசந்தூர். வழி தாடிக்கொம்பு."

"புதுசா ஒரு போர்டு எழுதியாந்திருக்கேன். இது எந்த ஊரு?"

"சின்னாளபட்டி."

அந்த அட்டையை நான் எழுதியதே இல்லை. என் பிள்ளை வாசிக்கிறாள்... அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் மறுபடி சந்தேகம். முதுகைக் காட்டினால் பேசுவாள் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வியாழன் நேராகவே கேட்டேன்.

"மொத நாளு தண்டனையாத்தான்க்கா சுவத்தப் பாக்க உக்கார வச்சேன். கத்திக்கிட்டே இருந்தா, எனக்குக் கோவம் வந்துருச்சு. மறுநாளு அவளாவே போயி அப்படி உக்காந்தா. உக்காந்து வாசிக்கிறா! நீங்க வந்து பாத்தது அன்னிக்குத்தான்."

"அப்ப அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா மொத நாளையும் சொல்லணும்லக்கா..."

இனி வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன், குடித்தார்.

எங்கள் வீட்டுக்கு வருவது தெரிந்தால் வேலை போய்விடும், அதனால்தான் வண்டியை மறைத்தாராம். அதையும் நான் லேசில் நம்பவில்லை, வேறு டீச்சர் ஒருவரிடம் ஜாடையாக விசாரித்துவிட்டுத்தான் நம்பினேன்.

நானும் முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தேன். ஓரக்கண் போய்விடும். கண்டுபிடித்து வாயை மூடிக்கொள்வாள். இன்று செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்த பயமே அதுதான், இனி இவள் யாருக்கு வாசிப்பாள்?

மதியம் நஸ்ரினையும் கூட்டிக்கொண்டு சின்னாளபட்டியில் மிஸ் வீட்டுக்குப் போனேன். ஃப்ரீசர் பாக்ஸுக்குப் பின்னால் சுவரில் ஸ்கூல் வைத்த ஃபிளெக்ஸ். மிஸ் பெயரைவிட ஸ்கூல் பெயர்தான் பெரிசு.

நஸ்ரின் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"மிஸ், திரும்பிக்கங்க."

மறுபடியும் சொன்னாள். "பாவம், புள்ளைக்கு வெவரம் தெரியல" என்றார் ஓர் அம்மா.

அந்த நேரம் வாசலில் ஹெச்.எம் மாலையோடு வந்து இறங்க, எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

நானும் திரும்பி நின்றேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

"கண்ணீர் அஞ்சலி" என்று எனக்குப் பின்னால் மெதுவாக ஒரு குரல். பிறகு உங்கள் பெயர், மிஸ். பிழையே இல்லாமல்...

நான் திரும்பிப் பார்க்கவில்லை மிஸ்.

அந்த முதல் நாளுக்கு மட்டும் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. போங்க மிஸ்... நல்லபடியாப் போங்க.