பழைய சண்டையில் எனக்கொரு இடம்

நாற்பத்து நான்கு வயதில் கேம் விளையாடுகிறேன் என்று சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். என் வயதுப் பெண்கள் சீரியல் பார்த்து அழுகிறார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை. வாரம் முழுக்கக் கெரோப்போ என்கிற மீன் அப்பளத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே பாக்கெட் ஒட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சுடுகிறேன்.

நான் ஆடுகிற துப்பாக்கி கேம் நடுவில் சில வருடம் எனக்குப் பிடிக்காமல் போயிருந்தது. ஒவ்வொரு புதுப் பாகத்திலும் இயந்திர மனிதர்கள், சுவரில் ஓடுவது, வானத்தில் குதிப்பது. என் கொழுந்தன் நால்வர் குழு ஒன்று நடத்துகிறான். அதிலிருந்து என்னை எடுத்தபோது, "அண்ணி, உங்க கை ஸ்லோ லா" என்றான். சுருக்கென்றது. அழவில்லை. ஆனால் ரொம்ப நாள் அவனுக்கு மீன் குழம்பு கொடுக்கவில்லை.

பிறகு கேம் பழையபடி இரண்டாம் உலகப் போருக்கே திரும்பியது. இனிமேல் பறக்க முடியாது. சேற்றில் நடக்க வேண்டும், படுக்க வேண்டும். என் துப்பாக்கியில் ஒரு குண்டு சுட்டால் கம்பியை இழுத்துத் தள்ளித்தான் அடுத்த குண்டு. அவசரக்காரன் செத்தான். எனக்கு இது போதும் என்று வாங்கிவிட்டேன்.

வீட்டுக்காரருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அவருடைய தாத்தா அந்தப் போரின்போது ரப்பர் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரனுக்குச் சயாம் ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர். நம்ம ஆட்கள் செத்த சண்டையில் என்ன விளையாட்டு என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ஆனால் இந்த கேமில் எந்தெந்த நாட்டுக்காரனோ நிற்கிறான், தோட்டத்து ஆள் ஒருவர்கூட இல்லை. நான் உள்ளே போனால் ஒருத்தியாவது இருப்பேன் என்றேன். அவர் டிவியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

கோலா சிலாங்கூர் மண்டபத்தில் இந்த கேமுக்குப் போட்டி வந்தது. கொழுந்தன் குழுவில் ஓர் இடம் காலி. எனக்குக் கொடு என்றேன். நாசி லெமாக் சோறு மட்டும் கட்டிக்கொண்டு வரச் சொன்னான். முதலில் என்னோடு தனியாக ஆடிப் பார், தோற்றால் கட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். அவன் வழக்கம்போல ஓடி வந்தான். நான் இடிந்த சுவருக்குப் பின்னால் படுத்தே கிடந்தேன். வந்த போதெல்லாம் விழுந்தான். லக் என்றான். வேண்டா வெறுப்பாக முதல் ஆட்டத்துக்கு மட்டும் இடம் கொடுத்தான். சொதப்பினால் நான் எழுந்து, அவன் மனசில் வைத்திருந்த கூட்டாளிக்கு இடம் விட வேண்டும்.

எதிர் மேசையில் தஞ்சோங் காராங்கிலிருந்து வந்த பையன்கள். நான் போய் உட்கார்ந்ததும் ஒருவன், "யார்டா அம்மாவ கூட்டிட்டு வந்தது?" என்றான். மண்டபமே சிரித்தது. கொழுந்தன் குனிந்துகொண்டான். எனக்குக் காது சுட்டது.

ஆட்டம் தொடங்கியது. அந்தப் பையனின் சிப்பாய் வாய்க்காலிலிருந்து எட்டிப் பார்த்தான். சுட்டேன். கேமில் உயிர் பெற்றுத் திரும்ப வந்து எட்டிப் பார்த்தான். திரும்பவும் சுட்டேன். பிறகு மேசையைத் தாண்டி அவனுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

"அம்மாதான் லா. இன்னொரு வாட்டி தலைய தூக்கு, பாப்போம்."

அவன் தூக்கவில்லை. அவன் பதுங்கியதால் அந்தப் பக்கம் பாதை திறந்து கிடந்தது. கொழுந்தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே மெதுவாகக் கேட்டான்.

"அண்ணி, நாங்க எப்ப ஓடணும்? நீங்க சொல்லுங்க."

பொறு என்றேன். பொறுத்தான்.