மருந்து ஒட்டிய கம்பி

சிவகாசியில் என்னைப் பெற்ற அத்தாவின் பழைய இரும்புக் கடையை இப்போது நான்தான் நடத்துகிறேன். பட்டாசு ஆலைகளும் அச்சகங்களும் கழித்துப் போடுகிற தகரம், கம்பி, அலுமினியத் தகடு எல்லாம் எங்களிடம் வரும். பிரித்துக் கட்டி உருக்காலைக்கு அனுப்புவோம். பிரிக்கிற வேலைக்கு நாரணாபுரத்திலிருந்து ஓர் அக்கா வருவார். வாய் ஓயாமல் பேசுகிறவர். சிரித்தால் தெருமுனை வரை கேட்கும்.

போன சீசன் முடிந்ததும் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து மத்தாப்புக் கம்பி மூட்டைகள் வந்தன. வளைந்தது, உடைந்தது, விற்க ஆகாதது. வெறும் கம்பியாகத்தான் தர வேண்டும் என்பது பேச்சு. மேலே கிடந்ததும் வெறும் கம்பிதான். அக்கா ஒரு மூட்டையைச் சிமெண்டுத் தரையில் இழுத்துக் கவிழ்த்தார். அடியில் பட்டாசு மருந்து பூசிய கம்பியும் உதிர்ந்த தூளும் இருந்தன. கம்பி தரையில் உரசியதும் வெள்ளையாக ஒரு வெளிச்சம். நான் மணலை வாரிக்கொண்டு ஓடுவதற்குள் அவருடைய வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது.

ஆலைக்குப் போன் செய்தேன். "கேட்டத் தாண்டுனா அது உங்க சரக்கும்மா," என்றார் மேனேஜர்.

அக்கா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே அடுத்த லோடு வந்தது. ஒரு மூட்டையை அவிழ்த்துப் பார்த்தேன். அதே தூள். இறக்க வேண்டாம் என்றேன்.

"நான் இத எங்கன கொண்டு போக?" என்றார் வண்டிக்காரர்.

"வந்த இடத்துக்கே." நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

ஆலை வாசலில் என் செல்போனை வாங்கி வைத்தார்கள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தையும் கழற்றச் சொன்னார்கள். உள்ளே இரும்பு உரசக் கூடாதாம். வேலைக்கூடத் தரையெங்கும் ரப்பர் விரிப்பு போட்டிருந்தார்கள்.

"வாங்கம்மா, உக்காருங்க. சாப்பிட்டீகளா?" என்றார் மேனேஜர்.

"மருந்தோட ஏன் அனுப்புனீக?"

"உங்க ஆளுகதான் பாத்து எடுத்திருக்கணும்."

"உங்க ஆளுக்கு ரப்பர் விரிப்பு போட்டிருக்கீக. என் சாவியக்கூட வாங்கி வச்சுக்கிட்டீக. எங்க அக்காவுக்கு ஒரு வார்த்த சொல்லத் தோணலையா?"

"கழிவ எரிக்கக் குழி இருக்கும்மா. ஆளுதான் பத்தல. இஷ்டமில்லன்னா எடுக்காதீக. வேற கடை இருக்கு."

குரலை உயர்த்தாமல், டீ வரவழைக்கட்டுமா என்று கேட்கிற தொனியிலேயே சொன்னார். நான் எழுந்து வந்து மூட்டைகளை அவர்கள் முற்றத்திலேயே மெதுவாக இறக்கி வைக்கச் சொன்னேன். அதிகாரிகளிடம் புகாரும் கொடுத்தேன். வந்து பார்த்தார்கள். அன்றைக்கு ஆலை கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்ததாம்.

அந்தக் கம்பி பிறகு காரியாபட்டிப் பக்கம் ஒரு கடைக்குப் போவதாகக் கேள்விப்பட்டு நேரில் போனேன். கடைக்காரர் முழுவதும் கேட்டுவிட்டு, என் கண் முன்னாலேயே ஒரு மூட்டையை அவிழ்த்தார். அடியைப் பார்த்ததும் முகம் மாறியது. "ஏலே, எல்லாத்தையும் அப்படியே வைங்கலே," என்று வேலையாட்களை நிறுத்தினார். அவரும் திருப்பி அனுப்பினார். இனி அது எந்தக் கடைக்குப் போகும், அங்கே யார் கவிழ்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

அக்கா இப்போது வேலைக்கு வருகிறார். வலது கை விரல்கள் மடங்குவதில்லை. அச்சகத் தகடுகளோடு சேர்ந்து வருகிற காகிதத் துண்டுகளை மட்டும் இடது கையால் பிரிக்கிறார். பேச்சு குறைந்துவிட்டது. அவரை நலம் விசாரிக்க அந்த ஆலையிலிருந்து இன்றுவரை ஒருவரும் வரவில்லை.