மூன்று அங்குல இறக்கம்

ஆவி, பர்மாக்காரர் கும்பிடுகிற நாட் தேவதை, மறுபிறவி என்று யாராவது பேச்செடுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயதான காலத்தில் மூளை கலங்கிவிட்டது என்பீர்கள். யாங்கோன் துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம் சரக்குக் கணக்கெடுத்தவன். கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்க நான்கு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பேன். ஒரு மூட்டை குறைந்தால் பேய் தூக்கிப் போயிற்று என்று ஒரு நாளும் எழுதியதில்லை. எவன் தூக்கினான் என்றுதான் தேடுவேன். இப்போதும் படி ஏறினால் படியை எண்ணுகிறேன், பேருந்தில் ஏறினால் தலையை எண்ணுகிறேன். இதையும் எண்ணி, அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். ராத்திரிகூட இல்லை, எல்லாம் வெளிச்சம் இருக்கும்போது நடந்தது.

தாகேதாவில் மகள் வள்ளியோடும் மருமகன் குமாரோடும் இருக்கிறேன். குமாரைத் தெருவில் கோ ஜோ என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்குப் பழைய ஜப்பான் பேருந்து ஒன்று இருக்கிறது. இருக்கைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு நான்கு கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, ஓடும் வீடாக ஆக்கிவைத்திருக்கிறான். கோயில், பகோடா என்று வெளியூர் போகிற குடும்பங்கள் வாடகைக்கு எடுப்பார்கள். வண்டியின் பின்பக்கம் ஒரு லிஃப்ட் உண்டு. ஒரு பைக் நிற்கிற அளவுக்கு இரும்புத் தட்டு, அதைத் தூக்க ஒரு எண்ணெய் ஜாக்கி, கையால் அடிக்கிற நெம்பு. யாங்கோனுக்குள் பைக் ஓட்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் நகர எல்லை தாண்டும் வரை பைக்கை லிஃப்டில் ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கட்டிக்கொண்டு போய், அந்தப் பக்கம் இறக்கி ஓட்டுவார்கள்.

அந்த லிஃப்டை நான் சும்மா விட்டதில்லை. கட்டிய நாளே அங்குல நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்துவைத்தேன். வெறுமனே இருந்தால் பின்பம்பர் தரையிலிருந்து இருபத்து நாலு அங்குலம். குமாரின் பைக்கை ஏற்றினால் ஒன்றரை அங்குலம் இறங்கும். சங்கிலி மாட்ட அவனும் தட்டில் ஏறி நின்றால் மூன்று அங்குலம். வில்பட்டை முறியும், பாரம் பார்த்து ஏற்று என்று நான் சொன்னதற்கு அவன், "மாமா, துறைமுகத்துல கப்பலையும் நாடா வச்சா அளந்தீங்க?" என்றான்.

அன்றைக்கு அவன் பகோவில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தான். சாயங்காலம் நாலரை மணி. லிஃப்டில் நீலத் தார்ப்பாய் போட்டு ஒரு பைக். அவனுடையது வீட்டில் நிற்கிறது, இது யாருடையது என்று கேட்டேன்.

"சேகரோடது. ஆத்துக்கு அக்கரையில டாலாவுல இருந்தான்ல, என் கூட்டாளி. லாரி அடிச்சுப் போயிட்டான்னு சொன்னேனே."

சொல்லியிருந்தான். பகோ சாலையில் விபத்து. உடம்பை அங்கேயே எரித்துவிட்டார்கள். டாலாவில் இருக்கிற அவன் மனைவி லட்சுமியால் போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை. ஸ்டேஷனில் பைக்கை இப்போதுதான் கொடுத்தார்களாம், நாளைக் காலை டாலாவில் கொண்டுபோய் விட வேண்டுமாம். வள்ளிக்கும் எனக்கும் சேகரை நேரில் தெரியாது, பேரளவில்தான்.

நியாயமான காரியம். ஆனால் குமார் வண்டிக்குப் பின்னால் போய் தார்ப்பாயைப் பார்த்துத் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். ஃபோனில் பேசுகிறான் என்று நினைத்தேன். ஃபோன் சட்டைப்பையில் இருந்தது. என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். நான் நாடாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் குந்தினேன். இருபத்தோரு அங்குலம். மூன்று அங்குலம் இறங்கியிருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே தெரிந்த வரை சேகரின் பைக் குமாரின் பைக்குக்கு அண்ணன் தம்பி, அதே எஞ்சின், அதே உயரம். அப்படியென்றால் மிச்சம் ஒன்றரை அங்குலம் எதனால் இறங்குகிறது? ஒரு ஆள் பாரம் அது.

எனக்குப் பயம் வந்தது. பேயை நினைத்து இல்லை. இவன் பைக்குக்குள் எதையோ வைத்துக் கடத்துகிறான் என்றுதான் முடிவு கட்டினேன். காலம் எப்படிப்பட்ட காலம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாலையில் எங்கே நிறுத்துவார்கள், எதைத் திறந்து காட்டச் சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. இவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டால் வள்ளியின் கதி என்ன? அவன் குளித்து வருவதற்குள் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி டேங்க், இருக்கைக்கு அடியில், கருவிப் பெட்டி எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கைப்பிடியில் மட்டும் வெள்ளை நூலால் ஒரு சின்னக் கொப்பு கட்டியிருந்தது. இலைகள் வாடிப்போயிருந்தன.

இந்த ஊரில் வண்டிக்கு இலை கட்டாதவன் கிடையாது. ஆனால் நல்லதுக்குக் கட்டுகிற இலையை வண்டியின் முன்னால்தான் கட்டுவார்கள், கண்ணாடியில் அல்லது பம்பரில். பின்னால், தார்ப்பாய்க்குள், யார் கண்ணிலும் படாமல் கட்டினால் என்ன அர்த்தம்? வாங்குகிறவனுக்கு அடையாளம். எனக்கு அப்படித்தான் பட்டது. நூலோடு பிடுங்கி, கேட்டுக்கு வெளியே சாக்கடையோரம் எறிந்தேன். பிறகு தார்ப்பாயைக் கட்டிவிட்டு, பழக்க தோஷம், மறுபடி அளந்தேன். இருபத்து இரண்டரை. மூன்று தடவை அளந்தேன், நம்பினால் நம்புங்கள், மூன்று தடவையும் இருபத்து இரண்டரை. முதலில் நாடா மடங்கியிருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். துணைக்கு வருகிறேன் என்றேன், காவலுக்குத்தான் போனேன். ஆற்றைச் சுற்றிக்கொண்டு துவாந்தே வழியாக டாலா போகிற பாதை. ஒவ்வொரு பாலம் வரும்போதும் குமார் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் பின்னால் பார்த்து, வாய்க்குள் ஏதோ சொன்னான். எண்ணினேன், நான்கு பாலம், நான்கு தடவை. ஓர் இடத்தில் நிறுத்திச் சோதித்தார்கள். தார்ப்பாயைத் தூக்கினார்கள், தாளைப் பார்த்தார்கள், போகச் சொன்னார்கள். எனக்கு உயிர் வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. மருமகனை இப்படிச் சந்தேகப்பட்டோமே என்று.

டாலாவில் லட்சுமியின் வீடு தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. வாசலில் தட்டில் கற்பூரமும் ஒரு கைலியும் வைத்துக்கொண்டு நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. குமார் ஜாக்கியைத் தளர்த்தித் தட்டை இறக்கினான். அவள் தார்ப்பாயை விலக்கி நேராகக் கைப்பிடியைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, கொப்பு எங்க?"

குமாரின் முகம் செத்துப்போயிற்று. "நான்தான் கட்டினேன். அவன் விழுந்த இடத்துல, ரோட்டோர மரத்துல ஒடச்சு, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கட்டினேன். பாலத்துக்குப் பாலம் சொல்லிக்கிட்டே வந்தேன்."

"அப்ப வரலையா அவரு?"

வெளியூரில் அகாலமாகச் செத்தவனை அப்படி ஒரு கொப்பில் கூப்பிட்டு வருகிற வழக்கம் இங்கே உண்டு என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். என் வீட்டு வாசலில் நடக்கும் என்று நினைக்கவில்லை.

"நாளைக்குப் பதினாறு, அண்ணே," என்றாள் லட்சுமி. "படைக்கிற நேரத்துல அவரு வீட்டுக்குள்ள இல்லன்னா அப்புறம் ரோட்டோட ரோடாத்தான் கிடப்பாரு." அழவில்லை. கைலியை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"காத்துல விழுந்திருக்கும்," என்றேன் நான். ஆமாம், பொய்தான் சொன்னேன்.

திரும்புகிற வழியில் இரண்டாவது பாலத்தில் குமாரிடம் உண்மையைச் சொன்னேன். அவன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான்.

"மாமா, உங்களுக்கு எண்ணத்தான் தெரியும்," என்றான். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சிரிப்பீங்க. எங்க அப்பா செத்தப்பவே சிரிச்சீங்க."

அது உண்மை. வீட்டுக்கு வந்ததும் சாக்கடையோரம் தேடினேன். வள்ளி கூட்டித் தள்ளிய குப்பைக்கு அடியில் நூலோடு கிடந்தது. அதே கொப்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குமாருக்கு மறுநாள் விடியற்காலையிலேயே வேறு வாடகை இருந்தது, விட முடியாது. நான் கொண்டுபோகிறேன் என்றேன். அவன் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னான்: "போட்ட இடத்துல நின்னு கூப்பிடுங்க. பேர் சொல்லிக் கூப்பிடணும், இல்லன்னா வேற எவனாவது தொத்திக்கிட்டு வந்துருவான். ஆறு தாண்டும்போது சொல்லுங்க. வழியில யார் பேசினாலும் நிக்காதீங்க."

பதினாறாம் நாள் காலை ஏழு மணிக்கு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கொப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றேன். எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டு என்னையே பார்த்தார். மோஹிங்கா சேமியா விற்கிறவள் பார்த்தாள். மொத்தம் ஐந்து பேர் தெருவில். முப்பத்தெட்டு வருஷம் உத்தியோகம் பார்த்த மனிதன், சாக்கடையைப் பார்த்து ஒரு செத்தவன் பேரைச் சொல்லி எப்படிக் கூப்பிடுவது? குரல் எழும்பவில்லை. "வாங்க, போகலாம்" என்று மட்டும் வாய்க்குள் சொல்லிவிட்டு நடந்தேன்.

பேருந்தில் என் பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாக இருந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள் ஒன்பது பேர், ஒருவரும் உட்காரவில்லை. பன்சோடான் துறையில் படகேறினேன். நடு ஆற்றில், "ஆறு தாண்டுறோம்" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னேன். அப்போதும் பேர் வரவில்லை. டாலாவில் இறங்கி ஒரு சைக்கா பிடித்தேன். பக்கத்தில் இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து உட்காருகிற மிதிவண்டி அது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓட்டுகிறவன் திடகாத்திரமான ஆள். கொஞ்ச தூரத்திலேயே எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தான். மேடு கிடையாது, சப்பைத் தரை.

"பெரியவர் பாக்கத்தான் ஒல்லி," என்றான் பர்மிய மொழியில். "ரெண்டு ஆள் கனம் கனக்குதே."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் முதுகில் எதுவோ சாய்ந்திருந்தது. இருக்கையின் சாய்வுக்கட்டை என்று சொல்லிக்கொண்டேன். இறங்கும்போது பார்த்தேன், அந்தச் சைக்காவில் கட்டை கிடையாது.

லட்சுமி கொப்பை இரண்டு கையாலும் வாங்கினாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. சேகரின் பாயை விரித்து அதன் தலைமாட்டில் வைத்தாள். "வந்துட்டீங்களா, உக்காருங்க" என்றாள் வெற்றிடத்தைப் பார்த்து. பதினாறு நாளில் அன்றுதான் அவள் ஒரு வாய் சோறு தின்றாள் என்று பக்கத்து வீட்டம்மாள் சொன்னாள். ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று எனக்கும் நெஞ்சு லேசாயிற்று. பகல் இரண்டு மணிக்கு வீடு திரும்பினேன். வள்ளி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

"அப்பா, நீங்க கிளம்பிப் பத்து நிமிஷம் இருக்கும். ஒருத்தர் வந்து கேட்டைத் தட்டினாரு."

"யாரு?"

"தெரியல. தமிழ்லதான் பேசினாரு. பெரியவர் இருக்காரான்னாரு. டாலாவுக்குப் போயிட்டாருன்னேன். 'என்னை விட்டுட்டா போனாரு'ன்னு கேட்டுட்டு அங்கயே நின்னாரு. கையில ஹெல்மெட். இந்த ஊர்ல யாருப்பா ஹெல்மெட்ட வச்சுக்கிட்டு நடந்து போறா?"

குமாரின் ஃபோனில் சேகரின் படம் இருக்கிறது. அதை இன்று வரை வள்ளியிடம் காட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை. குமாரிடமும் சொல்லவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டீர்களா என்று அவன் கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டேன். இதுவரை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

லட்சுமி, வருஷம் திரும்பும் வரைக்கும் என்று, சேகருக்குத் தினமும் பாய் விரிக்கிறாள். மாதத்துக்கு ஒரு தடவை எனக்கு ஃபோன் செய்து நலம் விசாரிப்பாள். போன வாரமும் பேசினாள். குரலில் நல்ல தெளிவு.

"நீங்க கொண்டாந்து விட்டதுலேர்ந்துதான் மாமா நான் தூங்குறேன். காலையில பாத்தா பாய் கசங்கியிருக்கு. ஒண்ணே ஒண்ணு, முன்னெல்லாம் கதவப் பாத்துத்தான் தல வச்சுப் படுப்பாரு. இப்ப செவுத்துப் பக்கம்தான் வச்சுப் படுக்குறாரு."

"சரிம்மா," என்றேன்.